எங்கள் கடை மூடியிருந்த மூன்று மணி நேரம்

1

போன வாரம் என் மகள் ரைஹானா, கல்லூரிக்காக எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையின் முதல் வரைவைச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து போட்டாள். பக்கமெல்லாம் ஆசிரியரின் சிவப்பு மை. "பப்பா, உன் கட்டுரையை நீ எத்தனை தடவை திருத்தி எழுதினாய்?" என்று பிரெஞ்சில் கேட்டாள். எங்கள் வீட்டில் நாங்கள் தமிழில் பேசுவோம், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். பல வருடமாக இப்படித்தான் குடித்தனம் நடக்கிறது. ஐந்து தடவை என்றேன். "ஐந்தாவது தடவை எதற்கு?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கழுதைக்கு எல்லாம் தெரியும். வேண்டுமென்றேதான் கேட்கிறாள்.

அந்த ஐந்தாவது தடவையின் கதையை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் ரொம்ப நாளாக ஆசை. போனில் அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "நெல்லித்தோப்புன்னு வேணா எழுதிக்க. தெரு பேரு போட்ட, அவ்ளோதான்" என்றார். புதுச்சேரி நெல்லித்தோப்பில் தையல் சாமான் கடைகள் ஒன்றா இரண்டா என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

2

என் பெயர் ஜாஃபர். பாரிசுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில், நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு, இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

வருவதற்கு முன் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் கடலைப் பார்த்துக்கொண்டே போவேன், கிடைக்காவிட்டால் தூங்கிக்கொண்டு போவேன். கடைசி ஆறு மாதம் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அப்போதுதான் ஷமீமாவோடு கல்யாணம் முடிவானது. அவளும் நெல்லித்தோப்புதான், எங்களுக்கு மூன்றாவது தெரு. அவளுடைய அத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் அந்தக் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணம், விசா, விமான டிக்கெட் என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. கட்டுரைக்கு முகப்புப் பக்கம் மட்டும் டைப் அடித்து வைத்திருந்தேன்.

அதன் பிறகு அம்மா போனில் சாப்பிட்டாயா என்று கேட்பார், குளிருகிறதா என்று கேட்பார், அப்புறம், "அந்தப் படிப்ப முடிச்சியாடா?" என்று கேட்பார். இந்தக் கேள்வியை மட்டும் அவர் ஒருநாளும் விட்டதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர் அவர். நான் அரைகுறையாக விட்டுவிட்டு வந்தது தன்னுடைய படிப்பே இன்னொரு தடவை நின்றது மாதிரி அவருக்கு. நாற்பத்தாறு வயதில், வேலை பார்ப்பவர்களுக்காக மாலை வகுப்பு நடத்தும் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் போய்ச் சேர்ந்ததற்கு, பதவி உயர்வு கிடைக்கும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் அம்மாவிடம் ஒரே ஒரு தடவை "முடிச்சிட்டேன்" என்று சொல்ல வேண்டும் என்பதுதான்.

3

பட்டம் வேண்டுமானால் மெமுவார் எழுத வேண்டும். மெமுவார் என்றால் ஆய்வுக் கட்டுரை, அறுபது பக்கம். எனக்கு வழிகாட்டியாக வந்த பேராசிரியை, மெலிந்த உடம்பும் கூர்மையான கண்ணும் கொண்ட அம்மாள். நாங்கள் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். என்னைப் பற்றி விசாரித்துவிட்டு, "உங்கள் ஊரில் உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்ன? அதை எழுதுங்கள்" என்றார்.

யோசித்து யோசித்து ஒன்றைப் பிடித்தேன். புதுச்சேரியில் மதியம் ஒரு மணிக்குக் கடைகளை மூடிவிட்டு நான்கு மணிக்குத் திறக்கிறார்களே, அது ஏன்? விழுப்புரத்திலிருந்து வருகிறவர்களும் கடலூரிலிருந்து வருகிறவர்களும் மூடிய கடை வாசலில் நின்று நம்மைத் திட்டுவார்கள் இல்லையா, அந்த விஷயம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன மதியத் தூக்கம் இது என்று என் வாதம். சொன்னதுமே மதாமின் முகம் மலர்ந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது என்று எதைச் சொன்னாலும் இங்கே முகம் மலரும்.

முதல் வரைவை எழுதி ரைஹானாவிடம் கொடுத்தேன். ஒரு பக்கம் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஊரில் நான் பிரெஞ்சு கற்றுக்கொண்டதே மனு எழுதும் ஒரு பெரியவரிடம். அதனால் நான் எதை எழுதினாலும் கவர்னருக்கு மனுப் போடுவதுபோலவே வந்து விழும். "கடைக்காரர்கள் தங்கள் கடைகளை மூடும் பெருமையைப் பெறுகிறார்கள்" என்று எழுதியிருந்தேனாம். இரண்டாவது வரைவில் பெருமையை எல்லாம் எடுத்தேன். மூன்றாவதில், மதாம் கேட்டபடி, அடிக்குறிப்புகளைச் சேர்த்தேன். இனிமேல் வேண்டியது களப்பணி.

4

ஜூலையில் விடுமுறை போட்டுக்கொண்டு ஏழு வாரத்துக்குப் புதுச்சேரி வந்தேன். ஷமீமாவும் ரைஹானாவும் கூடவே வந்தார்கள்.

எங்கள் வீடு நெல்லித்தோப்பில், கடையும் வீடும் ஒன்றாக உள்ளது. தெருவைப் பார்த்து முன்னால் கடை, பின்னால் வீடு, பக்கத்தில் ஒரு சந்து. நூல்கண்டு, ஊக்கு, பட்டன், லேஸ், பாவாடை நாடா, உள்பாவாடை, பெண்களுக்கான உள்ளாடை எல்லாம் விற்கும் கடை. அத்தா ஆரம்பித்தது. அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. இப்போது மும்தாஜ் அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான், கடையில் உட்காருகிறார்.

தினமும் மதியம் குடையும் நோட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புவேன். எந்தக் கடை எத்தனை மணிக்கு ஷட்டரை இறக்குகிறது, எத்தனை மணிக்குத் தூக்குகிறது என்று அட்டவணை போடுவேன். வெயிலில் காய்ந்து கருவாடாகிப்போனேன். கடை மூடியிருக்கும் நேரத்தை ஆராய்ச்சி செய்யக் கடை மூடியிருக்கும் நேரத்தில் போனால் பேட்டி கொடுக்க ஆள் இருக்காது என்பதை இரண்டாம் நாள்தான் உணர்ந்தேன். அதனால் ஒரு மணிக்கு முன்னும் நான்கு மணிக்குப் பின்னும் பேட்டி எடுத்தேன். வெயில் என்றார் ஒருவர். சோறு தின்றால் தூக்கம் வருகிறது என்றார் ஒருவர். மச்சான், "எங்க மாமா மூடினாரு, நானும் மூடுறேன். ரெண்டு மணிக்குக் கடையில உக்காந்தா எனக்கே ஒரு மாதிரியா இருக்கும்" என்றார். வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம் என்று சொன்ன மிட்டாய்க் கடைக்காரரை மட்டும் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பேட்டி கொடுத்தவர்கள் எல்லோரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், ஆளுக்கு இரண்டு பிரதி. இது பல்கலைக்கழகத்தின் விதி. அதுவரை வாய் ஓயாமல் பேசியவர்கள் தாளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். "கையெழுத்து எதுக்குப்பா? கடைய எழுதி வாங்கப் போறியா?" என்று மிட்டாய்க் கடைக்காரர் கேட்டார். அவருக்கு நான் அரை கிலோ மைசூர்பாகு வாங்கிய பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

ஐந்து வாரத்தில் நான்காவது வரைவு முடிந்தது. மதாமுக்கு அனுப்பினேன். "மிக நன்று. இரண்டு இடங்களில் காற்புள்ளியை மாற்றுங்கள், சமர்ப்பித்துவிடலாம்" என்று பதில் வந்தது. சமர்ப்பிக்கப் பன்னிரண்டு நாள் பாக்கி இருந்தது. மாடியறையில் தனியாக ஆடிக்கூடப் பார்த்தேன்.

5

அன்று காலை ஷமீமா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் சந்தோஷத்தை யாரிடமாவது காட்ட வேண்டுமே என்று, பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கட்டுரையை வாசித்தேன். முப்பத்தொன்றாம் பக்கம் வந்தது. "ஆய்வாளரின் குடும்பத்துக்குச் சொந்தமான கடையும் தினமும் ஒன்று முதல் நான்கு வரை மூடியிருக்கும். அந்நேரம் ஆண்கள் உறங்குவர், பெண்கள் வீட்டுக்குள் கூடிப் பேசுவர்" என்று படித்தேன்.

ஷமீமா கையிலிருந்த துணியைக் கொடியில் போடாமல் திரும்பினாள்.

"எந்தக் கடை?"

"நம்ம கடைதான்."

"நம்ம கடை மதியத்துல மூடியிருக்குமா?"

"பின்ன? ஷட்டர் இறக்கியிருக்கே."

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப என் கல்யாணத்துக்கு எங்கம்மா உள்பாவாடையும் மத்ததும் எங்க வாங்கினாங்களாம்? சந்து வழியா வந்து உங்கம்மா கிட்டதானே வாங்கினாங்க! ரெண்டரை மணிக்கு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் விளக்கினாள். அந்த மாதிரி துணியை ஆம்பளை முன்னால் நின்று அளவு சொல்லி யார் வாங்குவார்கள்? அதனால் மதியம் அத்தா ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே போய்விடுவார். சந்துப் பக்கக் கதவைத் திறந்து அம்மா கடையில் உட்காருவார். நெல்லித்தோப்புப் பெண்கள் மட்டும் இல்லை, பக்கத்துக் கிராமங்களிலிருந்து டவுனுக்கு வருகிற விவசாயக் குடும்பத்துப் பெண்களும் அங்கேதான் வாங்குவார்கள். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

"இத்தன வருஷம் ஏன் சொல்லல?"

"அந்த வீட்டுலயே பொறந்து வளந்தவருக்குத் தெரியாதுன்னு நான் கனவா கண்டேன்? நீங்க கேக்கவே இல்லயே!"

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். பள்ளி நாளில் நான் மதியம் வீட்டில் இல்லை. லீவு நாளில், "போய் விளையாடு, நாலு மணிக்கு வா" என்று துரத்திவிடுவார்கள். நடுக்கூடத்தில் எப்போதும் நான்கைந்து பெண்கள் இருப்பார்கள். ஊர்க்கதை பேச வந்தவர்கள் என்றே எண்ணிக்கொண்டேன். இப்போதும் பேட்டி எடுத்தேன், படிவம் வாங்கினேன், கிழக்கும் மேற்கும் நடந்து அட்டவணை போட்டேன். ஒரு பெண்ணிடமாவது ஒரு கேள்வி கேட்டேனா? கேட்கவில்லை. என் கட்டுரையில் இருந்த அத்தனை பேரும் மீசை வைத்தவர்கள்.

6

அன்று மதியம் இரண்டு மணிக்கு முதல் தடவையாகச் சந்து வழியாக உள்ளே போனேன். ஷட்டர் இறங்கிய கடைக்குள் குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். கல்லாவுக்குப் பின்னால், கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, கழுத்தில் அளவு நாடாவோடு என் அம்மா. ஏணியில் நின்று மேல்தட்டிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது யார் என்று பார்த்தால், ரைஹானா. நான் அவள் தினமும் மதியம் தூங்குகிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! என்னிடம் ஒரு வாக்கியம் தமிழில் பேசாத பிள்ளை, "முப்பத்தாறு இல்ல, முப்பத்தெட்டு இருக்கு, தரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் ஒரு பெண் வாங்கியதை முந்தானைக்குள் தள்ளினாள்.

"இன்னாடா வேணும்?" என்றார் அம்மா. வாடிக்கையாளரைக் கேட்கும் குரல்.

"அம்மா, என் கட்டுரை..."

"நாலு மணிக்கு வா."

வந்த வழியே வெளியே போனேன்.

7

நான்கு மணிக்கு ஷட்டர் ஏறியதும் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கடை மூடியிருக்கும் என்று எழுதினால் பொய். திறந்திருக்கும் என்று எழுத வேண்டும், அதற்கு அவர் சம்மதம் வேண்டும்.

"பொய்னா எழுதாத" என்றார். "உண்மைன்னாலும் எழுதாத."

"ஏம்மா?"

"எழுதினா நாலு பேருக்குத் தெரியும். தெரிஞ்சா ஆம்பளைங்களும் ஊக்கு வேணும், நூலு வேணும்னு அந்நேரத்துக்கு வந்து நிப்பாங்க. அந்த மூணு மணி நேரந்தான் எங்களுது. அதையும் உன் படிப்புக்குத் தூக்கிக் குடுக்கணுமா?"

"நான் பிரெஞ்சுல எழுதுறேம்மா. இங்க யாருக்குப் புரியப் போவுது?"

அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஏன்டா, நீ எந்த ஊர்ல பொறந்த? இந்தத் தெருவுல மட்டும் எத்தினி சொல்தா வூடு இருக்குது, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவங்க வூடு? சந்து முனையில இருக்கிற பெரியவரு தெனம் காலையில பிரெஞ்சுப் பேப்பர்தான் படிக்கிறாரு!"

வேறு எந்த ஊர்க்காரனும் இந்தப் பதிலைச் சொல்லித் தப்பித்திருப்பான். இருபத்திரண்டு வருடம் பிரான்சில் இருந்துவிட்டு, பிரெஞ்சில் எழுதினால் புதுச்சேரியில் யாருக்கும் தெரியாது என்று நினைத்த ஒரே புதுச்சேரிக்காரன் நான்தான்.

உண்மையில் அழுகை வந்துவிட்டது எனக்கு. பழைய கட்டுரையை அப்படியே கொடுத்தால் பட்டம் நிச்சயம். ஆனால் அம்மாவிடம் "முடிச்சிட்டேன்" என்று சொல்லும்போது, அவரையே இல்லாமல் ஆக்கிவிட்டு முடித்தேன் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மாற்றி எழுத அவர் விடமாட்டார். மதாமுக்கு எழுதிக் கேட்டேன். "உங்கள் வாதம் உடைந்துவிட்டது, வாழ்த்துகள். இப்போதுதான் உங்களிடம் ஒரு கட்டுரை இருக்கிறது. ஆனால் சம்மதப் படிவம் இல்லாமல் ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது" என்று பதில் போட்டார்.

இரண்டு நாள் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அம்மா விடமாட்டார் என்று தெரிந்தும், இரவில் அந்தப் பகுதியைப் புதிதாக எழுதிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மும்தாஜ் அக்கா மாடிக்கு வந்தாள். "நீ எழுதினத எங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவியாம். அவங்க சரின்னா அம்மாவும் சரியாம். இன்னிக்கி ரெண்டரைக்கு வா. குளிச்சிட்டு வா" என்றாள்.

8

கடைக்குள் எனக்கு ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். சுற்றிலும் பாயில் பெண்கள். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் பிலோமின் அம்மாள், பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் விதவை. இளமையில் கன்னியர் பள்ளியில் பிரெஞ்சு படித்தவர். புதிதாக எழுதிய பன்னிரண்டு பக்கத்தைத் தமிழில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவர் கையை நீட்டினார். "பிரெஞ்சையே குடுப்பா. நான் படிக்கிறேன்."

படித்துக்கொண்டே மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னார். நான் கவுன்ட்டரில் பல வருடம் உட்கார்ந்தவன். மனு கொடுத்துவிட்டு எதிரில் நிற்பவனின் நிலைமை என்னவென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"'ரகசிய வியாபாரம்'னு எழுதியிருக்கான்" என்றார் பிலோமின் அம்மாள்.

"ரகசியமா? நாங்க இன்னா கள்ளச் சாராயமா வாங்குறோம்?" என்றாள் ஒரு பெண். அதை அடித்தேன்.

"'ஆண்கள் உறங்குவர்'னு இருக்கு."

இதற்கு அம்மாவே சிரித்துவிட்டார். "உங்க அத்தா ஒருநாளும் மத்தியானம் தூங்குனதில்லடா. லுஹர் தொழுதுட்டுப் பள்ளிவாசல் வாசப்படியில உக்காந்திருப்பாரு, பாவம். மழையா இருந்தா சைக்கிள் கடையில. இப்ப உன் மச்சானும் அப்படித்தான் போறாரு. எத்தினி வருஷம்! ஒரு வார்த்த யார்கிட்டயும் சொன்னதில்ல."

நான் அட்டவணைக்கு மேல் குனிந்துகொண்டேன். அத்தாவைத் தூங்குமூஞ்சி என்று அறுபது பக்கத்துக்கு நிரூபித்திருந்தேன். அந்த வரியையும் அடித்தேன். மச்சான் என்னிடம் கொடுத்த பேட்டியையும் அடிக்க வேண்டியிருந்தது.

கடைசியில் பிலோமின் அம்மாள் அட்டவணையில் எங்கள் கடையின் வரிசையில் விரலை வைத்தார். "இங்க இன்னும் 'மூடியிருக்கும்'னு விட்டுவெச்சிருக்க. யாருக்கு மூடியிருக்கு? அதப் போடு. 'ஆண்களுக்கு மூடியிருக்கும்'னு போடு." பையிலிருந்து பேனாவை எடுத்து அவரே எழுதினார். அழகான, சாய்ந்த கையெழுத்து. கட்டுரையிலேயே நல்ல பிரெஞ்சு அந்த இரண்டு சொல்தான் என்று பிறகு மதாமும் சொன்னார்.

தெரு வேண்டாம், கடை வேண்டாம், யார் பெயரும் வேண்டாம் என்று தீர்ப்பானது. மாற்றுப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அதற்கப்புறம்தான் கலகலப்பு. ஒவ்வொருத்தியும் தன் மருமகள் பெயரைத் தனக்கு வைக்கச் சொன்னாள்; ஏதாவது வம்பு வந்தால் அவளே பார்த்துக்கொள்ளட்டுமாம். படிவத்தை நீட்டினேன். ஒருத்தியும் கடையை எழுதி வாங்கப் போகிறாயா என்று கேட்கவில்லை. வரிசையாகப் போட்டார்கள். அம்மா கடைசியாக, படிவம் முழுவதையும் ரைஹானாவைப் படித்துச் சொல்லவைத்து, இரண்டு பிரதியையும் ஒத்துப் பார்த்து, நிதானமாகத் தன் பெயரை எழுதினார்.

மீதி ஒரு வாரம் சாப்பாடு மாடிக்கு வந்தது. ஐந்தாவது வரைவைச் சமர்ப்பித்தேன்.

9

நவம்பரில் கட்டுரைக்கு வாய்மொழித் தேர்வு. மூன்று பேர் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். "முதல் ஐந்து வாரத்தில் நீங்கள் ஏன் ஒரு பெண்ணையும் பேட்டி எடுக்கவில்லை?" என்று ஒருவர் கேட்டார். தயாரித்து வைத்திருந்த முறையியல் விளக்கம் எல்லாம் மறந்துபோனது. "கடைக்காரர் என்றால் ஆண் என்று நினைத்துவிட்டேன். என் அம்மாவும் கடைக்காரர் என்று எனக்குத் தெரியாது" என்றேன். மதாம் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். இருபதுக்குப் பதினாறு போட்டார்கள்.

அறையை விட்டு வந்ததும் தாழ்வாரத்திலேயே நின்று ஊருக்குப் போன் செய்தேன். அங்கே மணி இரண்டே முக்கால். வழக்கமாக இந்த நேரத்தில் அக்காதான் எடுப்பாள், "அம்மா படுத்திருக்காங்கடா, அப்புறம் பேசு" என்பாள். நானும் இருபத்திரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அன்று அம்மாவே எடுத்தார். பின்னால் ஒரே பெண்கள் குரல்.

"அம்மா, படிப்ப முடிச்சிட்டேன்."

அம்மா போனை விலக்கிப் பிடித்துக்கொண்டு, "முடிச்சிட்டானாம்!" என்று கத்தினார். கடையே ஆர்ப்பரித்தது. எத்தனை மார்க் என்று பிலோமின் அம்மாள் கேட்பது எனக்கே கேட்டது. இருபதுக்குப் பதினாறு என்றேன்.

"மீதி நாலு எங்கடா போச்சு?" என்றார் அம்மா. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"சரி, வைடா. கடையில ஆளு நிக்குது."